பொட்டு வைத்த கார்டும் ஏச்சு வாங்கிய பெட்டியும்

ஒரு காட்டில், சிக்னல் ஓரளவு கிடைக்கிற பக்கமாக, பூவலிங்கம் என்றொரு முள்ளம்பன்றி வீடியோ கடை வைத்திருந்தார். முள்ளம்பன்றியை 'அது' என்று சொல்வதுதான் கதை வழக்கம். ஆனால் சொந்தமாகக் கடையும், கடைக்கு ஒரு போர்டும், போர்டில் தன் பெயரும் வைத்திருக்கிற ஒருவரை அது, இது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் என்றே வைத்துக்கொள்வோம். காட்டில் கரண்ட் ஏது என்று கேட்க நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். பேசுகிற முள்ளம்பன்றியை நம்பிவிட்டு, கரண்டுக்கு மட்டும் விளக்கம் கேட்பது நியாயமில்லை.

பூவலிங்கத்துக்கு உடம்பெல்லாம் முள் இருந்ததே தவிர, பேச்சில் ஒரு முள்கூடக் கிடையாது. காதோரம் பாடுகிற கொசுவைக்கூட, "கொஞ்சம் தள்ளிக்கிடுங்க" என்றுதான் சொல்வார். இப்படிப்பட்டவர்களிடம் வேலையைக் கொடுத்தால் ஒரு சௌகரியம். எவ்வளவு தாமதமாகக் கொடுத்தாலும் எவ்வளவு சீக்கிரமாகவும் கேட்கலாம். காட்டில் எல்லோரும் அந்தச் சௌகரியத்தை நன்றாக அனுபவித்தார்கள்.

வீட்டின் முன்பக்கம்தான் கடை. அதில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. எங்கோ ஒரு பேங்கில் பல வருஷம் உழைத்து ஓய்வு பெற்று, கைமாறிக் கைமாறிக் காட்டுக்கு வந்து சேர்ந்த ஒல்லிப் பெட்டி. ஓய்வு பெற்றாலும் பேங்க் குணம் போகவில்லை. எதைக் கேட்டாலும் நிதானமாக யோசிக்கும். யோசித்துவிட்டு முடியாது என்று சொல்லும். சில சமயம் சாப்பிடப் போய்விட்டதுபோல அப்படியே நின்றுவிடும்.

அந்த நேரம் பார்த்து ஆனைவீட்டுக் கல்யாண வீடியோ அவர் கைக்கு வந்தது. ஆனைவீட்டு அம்மாள் பெரியநாயகியின் ஒரே மகள் கல்யாணம். படமெல்லாம் நன்றாகத்தான் எடுத்திருந்தார். வெட்டி ஒட்டப் பெட்டியில் போட்டபோதுதான் வம்பு வந்தது. யானைகள் ஊர்வலமாக வருகிற காட்சியில் ஒரு கால் தூக்கிய யானை, அடுத்த காலை வைப்பதற்குள் பூவலிங்கம் கஞ்சி குடித்துவிட்டு வந்துவிடலாம். மாப்பிள்ளை தும்பிக்கையில் தாலியை எடுத்தார். பெட்டி அங்கேயே நின்றுவிட்டது. எத்தனை தடவை அணைத்துப் போட்டாலும் மாப்பிள்ளை தாலியை எடுப்பார், கட்டமாட்டார்.

பெரியநாயகி அம்மாள் கடை வாசலை மறைத்துக்கொண்டு நின்று சொன்னார்: "ஏ பூவலிங்கம், மறுவீட்டு விருந்துக்குச் சம்பந்தக்காரவ மொத்தமும் வாராவ. திரை கட்டிப் படம் போடணும். தாலி கட்டாத கல்யாணத்தப் போட்டுக் காட்டினேருன்னு வச்சுக்கிடும், அப்புறம் இந்தக் காட்டுல ஒரு காதுகுத்துக்குக்கூட உம்மக் கூப்பிடமாட்டாவ."

"சரிங்கம்மா, செஞ்சுரலாம்மா," என்றார் பூவலிங்கம்.

ஏற்கெனவே பாதிக் காடு மயில்வாகனம் ஸ்டூடியோ பக்கம் போய்விட்டது. மயில்வாகனம் என்கிற அந்த மயிலுக்குத் தனியாகப் பின்னணித் திரைகூட வேண்டாம். தோகையை விரித்து நின்றால் முடிந்தது. அவரால் கடையை மூடிய கீரியும் மரநாயும் இப்போது அவரிடமே லைட் பிடிக்கிற வேலையில் இருக்கிறார்கள். போர்டில் பெயர் இருந்தவர்கள் இன்று தோளில் விளக்கைத் தூக்கிக்கொண்டு, "இன்னும் மேல பிடி, முகத்துல நிழல் விழுது" என்று பேச்சு வாங்குகிறார்கள். ஆனைவீட்டு வேலை கெட்டால் அடுத்த விளக்கு தன் தோளுக்குத்தான் என்று பூவலிங்கத்துக்குத் தெரியும்.

அவர் நேராக மந்திரமூர்த்தி கடைக்குப் போனார். மந்திரமூர்த்தி குரங்கு. பழைய சாமான், புதுச் சாமான், பழையதைக் கழுவிப் புதுசாக்கின சாமான் எல்லாம் அவரிடம் கிடைக்கும்.

"ஒரு கிராபிக்ஸ் கார்டு போட்டாப் போதும் அண்ணாச்சி," என்றார் மந்திரமூர்த்தி. "படத்து வேலைய எல்லாம் கார்டு பாத்துக்கிடும். உங்க பெட்டி சும்மா இருந்தாப் போதும்."

"சும்மா இருக்கது அதுக்கு நல்லா வரும்," என்றார் பூவலிங்கம்.

ஒல்லிப் பெட்டிக்குள் அடங்குகிற மாதிரி ஒரு குட்டைக் கார்டைக் குரங்கு தேடி எடுத்தார். எடுத்த கையோடு அதைத் தன் வயிற்றில் நாலு தேய்ப்பு தேய்த்தார். சுத்தம் செய்கிற எண்ணமெல்லாம் இல்லை. கையில் எது வந்தாலும் வயிற்றில் தேய்த்துப் பார்ப்பது குரங்கு வழக்கம். கொய்யாப்பழமானாலும் சரி, கார்டானாலும் சரி. பிறகு கடைப் பெட்டியில் செருகிக் காட்டினார். திரையில் கலர் கலராகப் படம் ஓடியது. பூவலிங்கத்துக்கு அந்த இடத்திலேயே மாப்பிள்ளை தாலி கட்டிவிட்டது போலிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி செண்பகக்கனி சந்தனக் கிண்ணத்தோடு காத்திருந்தாள். புதுச் சாமான் எதுவானாலும் பொட்டு வைக்காமல் அந்தக் காட்டில் யாரும் தொடமாட்டார்கள். மிக்சிக்கு வைப்பார்கள், சைக்கிளுக்கு வைப்பார்கள், சிம் கார்டுக்குக்கூட வைத்த ஆட்கள் உண்டு. கிராபிக்ஸ் கார்டுக்கு எங்கே வைப்பது என்பதுதான் பிரச்சனை. ஒரு பக்கம் காற்றாடி சுற்றுகிறது. மறுபக்கம் முழுக்கப் பொடிப் பொடிக் கம்பி, விரலைக் குத்தும். மிச்சமிருந்த இடத்தில் கடை ஸ்டிக்கர். அதைத் தொட்டால் வாரண்டி போய்விடும் என்று மந்திரமூர்த்தி சொல்லியிருந்தார்.

"அடியில பாருங்க," என்றாள் செண்பகக்கனி. "எவ்வளவு லட்சணமா இருக்கு."

கார்டின் அடியில், பெட்டிக்குள் செருகுகிற விளிம்பில், வரிசையாகத் தங்கப் பற்கள் மின்னிக்கொண்டிருந்தன. பெட்டியும் கார்டும் பேசிக்கொள்வதே அந்தப் பற்கள் வழியாகத்தான். தங்கம் இருக்கிற இடம் லட்சுமி இருக்கிற இடம் என்று இருவரும் ஒருமனதாக முடிவு செய்து, அந்த விளிம்பு நெடுக, பன்னீரில் குழைத்த சந்தனத்தைக் கெட்டியாகப் பூசி, நடுவில் குங்குமமும் வைத்தார்கள். காட்டில் சந்தனத்துக்கா பஞ்சம்?

பூவலிங்கம் முதுகிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கி, அதையே ஸ்க்ரூடிரைவராக வைத்துப் பெட்டியைத் திறந்தார். முள்ளைப் பிடுங்கினால் கண்ணில் தண்ணீர் வரும். தொழில் என்றால் எல்லாம்தான் என்று பொறுத்துக்கொண்டு, கார்டைச் செருகி, வயரை மாட்டி, கும்பிட்டுவிட்டு ஸ்விட்சைத் தட்டினார்.

பெட்டி பீப் பீப் என்று கத்தியது. திரை கறுப்பாகவே இருந்தது.

பூவலிங்கம் அணைத்துப் போட்டார். கார்டை எடுத்துவிட்டுப் போட்டார். பழையபடி மாப்பிள்ளை தாலியை எடுத்துக்கொண்டு நின்றார். கார்டைத் திரும்பச் செருகினார், கறுப்பு.

பக்கத்துப் பொந்தில் தளவாய் என்கிற நரி இருந்தார். எந்த விஷயமானாலும் அதைப் பற்றி ஒரு வீடியோ பார்த்திருப்பார், பாதிதான் பார்த்திருப்பார். அவர் வந்து பெட்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"பவர் பத்தல வே," என்றார். "பெட்டி கஞ்சி குடிச்ச உடம்பு. கார்டு கறிச்சோறு கேக்குது. எங்க போவும்?"

பூவலிங்கம் கார்டைத் தூக்கிக்கொண்டு மறுபடி மந்திரமூர்த்தி கடைக்குப் போனார். குரங்கு கார்டை வாங்கினார், வயிற்றில் தேய்த்தார், கடைப் பெட்டியில் செருகினார். படம் ஜம்மென்று ஓடியது.

"கார்டுல குத்தமே இல்ல அண்ணாச்சி. உங்க நரி சொன்னது சரிதான். பெரிய பவர் சப்ளையா ஒண்ணு கொண்டு போங்க."

அந்தப் பவர் சப்ளை ஒல்லிப் பெட்டியைவிடப் பெரிதாக இருந்தது. உள்ளே போகவில்லை. வெளியே பக்கத்தில் வைத்து, அதற்கென்று ஒரு மாற்று வயரும் வாங்கி, இன்னும் நாலைந்து முள்ளைப் பிடுங்கி ஒருவழியாக மாட்டினார்கள். கடையிலிருந்து திரும்பி வந்த கார்டில் பொட்டு அழிந்திருப்பதைப் பார்த்து செண்பகக்கனிக்கு மனசு கேட்கவில்லை. அழிந்த பொட்டோடு ஒரு நல்ல காரியத்தைத் தொடங்கலாமா? முன்பைவிடக் கெட்டியாகப் பூசினாள். கறுப்புத் திரைதான் வந்தது.

"பயாஸ்னு ஒண்ணு இருக்கு," என்றார் தளவாய், மறுநாள். "பெட்டிக்கு அதுதான் மூளை. பழைய மூளைக்குப் புதுக் கார்டத் தெரியல. அப்டேட் பண்ணும். ஆனா நடுவுல கரண்டு போச்சுன்னா பெட்டி செத்துரும், அத மட்டும் பாத்துக்கிடும்."

பூவலிங்கமும் செண்பகக்கனியும் கார்டைக் கழற்றி வைத்துவிட்டு, பெட்டி முன்னால் மூச்சு விடாமல் உட்கார்ந்து அதையும் செய்து முடித்தார்கள். கரண்டு போகவில்லை. மூளை புதிதானது. கார்டைச் செருகினார்கள். சந்தனம் அதன் இடத்தில் பத்திரமாக இருந்தது. திரையும் கறுப்பாகவே இருந்தது.

"அப்ப ஒரே காரணந்தான்," என்று தளவாய் குரலைத் தாழ்த்தினார். "பொருத்தம் பாத்தேரா? பெட்டி பேங்க் உத்தியோகம். கார்டு விளையாட்டுப் பிள்ளை. ரெண்டையும் ஒரே வீட்டுக்குள்ள வச்சா எப்படி வே பேசிக்கிடும்? முதல்ல பெட்டியக் கிழக்க பாத்துத் திருப்பி வையும்."

பெட்டியைக் கிழக்கே திருப்பினார்கள். பூசணிக்காய் சுற்றி உடைத்தார்கள். பெட்டிக்கு மேல் ஒரு எலுமிச்சம்பழம் வந்தது. மறுவீட்டு விருந்துக்கு ஆனைவீட்டில் பந்தல் போட ஆரம்பித்துவிட்டார்கள். பூவலிங்கத்தின் முதுகில் முள் பிடுங்கின இடம் வழுக்கையாகத் தெரிந்தது. ஒரு முள்ளம்பன்றிக்கு அதைவிட அவமானம் வேறு இல்லை. அவர் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு மூன்றாவது தடவையாக மந்திரமூர்த்தி கடைக்கு நடந்தார்.

குரங்கு வயிற்றில் தேய்த்தார். செருகினார். படம் ஓடியது.

"உங்க வீட்டுலதான் ஏதோ கோளாறு அண்ணாச்சி," என்று மந்திரமூர்த்தி சிரித்தார்.

அங்கே மயில்வாகனமும் ஏதோ சாமான் வாங்க வந்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றவர், மிகவும் பிரியமாகப் பூவலிங்கம் பக்கம் திரும்பினார். "மனசத் தளர விடாதீங்க அண்ணாச்சி. என்கிட்ட லைட்டுப் பிடிக்க ஒரு ஆளு தேவைப்படுது. கஸ்டமர் மேல முள்ளு படாம கொஞ்சம் ஒதுங்கி நின்னாப் போதும்."

"சரிங்க," என்றார் பூவலிங்கம். பழக்க தோஷம். அப்படிச் சொல்லிவிட்டோமே என்று வழி முழுக்க அவருக்கு எரிந்தது.

வீட்டு வாசலில் செண்பகக்கனி சந்தனக் கிண்ணத்தோடு நின்றாள்.

"வைக்காத," என்றார் பூவலிங்கம்.

"அழிஞ்சிருக்கே, கொஞ்சம்..."

"வைக்காதேங்கேன்! இதுக்கு என்னத்துக்குப் பொட்டு?"

அவர் கார்டைப் பிடித்துப் பெட்டிக்குள் ஒரே அழுத்தாக அழுத்தினார். பிறந்ததிலிருந்து வாயில் வைத்திருந்த மரியாதை எல்லாம் அந்த நிமிஷத்தில் உடைந்தது. "ஏ செத்த மூதி! கடையில போயி இளிச்சுக்கிட்டு ஓடுத, எங்க வீட்டுக்கு வந்தா மட்டும் உனக்கு மூஞ்சி கறுத்துருமோ? உன்னச் சொல்லிக் குத்தமில்ல, இந்தப் பேங்க்காரப் பெட்டியச் சொல்லணும். ஏ சோம்பேறிப் பயபுள்ள, இன்னிக்கு நீ படம் காட்டல, உன்னத் தூக்கி ஆனை காலடியில போட்டுருவேன், பாத்துக்கோ!"

சொல்லிக்கொண்டே ஸ்விட்சைக் குத்தினார். திரை வெளுத்தது. கலர் வந்தது. மாப்பிள்ளை தும்பிக்கையில் தாலியை எடுத்தார், தடையில்லாமல் நீட்டினார், கட்டினார்.

பூவலிங்கம் பெட்டி முன்னாலேயே உட்கார்ந்து அழுதுவிட்டார். செண்பகக்கனி ஒரு கையில் கிண்ணத்தோடு அவர் முகத்தையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்குப் புருஷன்மேல் புதிதாக ஒரு பயமே வந்துவிட்டது.

மறுவீட்டு விருந்தில் படம் பிரமாதமாக ஓடியது. சம்பந்தக்காரர்கள் தாலி கட்டுகிற இடத்தைத் திரும்பப் போடச் சொல்லிப் பார்த்தார்கள். "பெட்டி கெட்டுப் போச்சுன்னு கேள்விப்பட்டேன். எப்படிச் சரி பண்ணினேரு?" என்று பெரியநாயகி அம்மாள் எல்லோர் முன்னாலும் கேட்டார்.

பூவலிங்கம் உள்ளதைச் சொன்னார். "நல்லா ஒரு ஏச்சு ஏசினேம்மா. சரியாப் போச்சு."

காடே அசந்துபோனது. மறுநாள் காலையில் கடை வாசலில் மாடக்கண்ணு நின்றார். அவர் கரடி, பிரவுசிங் சென்டர் வைத்திருப்பவர். புதுக் கார்டு போட்டதிலிருந்து அவர் பெட்டியிலும் கறுப்புத் திரைதான்.

"நானும் ஏசிப் பாத்தேன் அண்ணாச்சி. எனக்கு வாய் ராசி இல்ல போல. நீங்க ஒரு தடவை ஏசுங்க."

பூவலிங்கம் கார்டை வெளியே எடுத்தார். அடியில் சந்தனமும் குங்குமமும் லட்சணமாக இருந்தன. பொட்டு வைத்த ஒன்றை எப்படித் திட்டுவது? நல்ல மனுஷர், இல்லை, நல்ல முள்ளம்பன்றி. அவருக்கு நாக்கு எழவில்லை. அதனால் முதலில் தோளில் கிடந்த துண்டால் பொட்டை மரியாதையாகத் துடைத்து எடுத்தார். அதன் பிறகுதான் வாயைத் திறந்தார். கார்டின் மூன்று தலைமுறையை இழுத்தார். செருகினார். படம் வந்தது. மாடக்கண்ணு அவர் காலில் விழுந்தார்.

அன்றிலிருந்து கூட்டம் தாங்கவில்லை. வீடியோ கடை போர்டுக்குக் கீழே 'இங்கு கம்ப்யூட்டர் ஏசித் தரப்படும்' என்று இன்னொரு போர்டு ஏறியது. தளவாயும் பக்கத்திலேயே ஒரு கடை போட்டு, பூவலிங்கத்தைவிடக் கேவலமாக ஏசிப் பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. பூவலிங்கம் ஏச்சில் இருக்கிற சுத்தம் இவர் ஏச்சில் இல்லை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். வேடிக்கை என்னவென்றால், பெட்டியை ஏசி ஏசிப் பழகிய வாய், ஆட்களையும் ஏச ஆரம்பித்தது. முன்னெல்லாம் "வாங்க" என்று சொன்னபோது அவரை அவசரப்படுத்தியவர்கள், இப்போது "என்ன எழவுக்கு வந்தே" என்று கேட்டபோது கைகட்டி நின்றார்கள்.

ஒருநாள் அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. மிளகு கஷாயம் குடித்தும் குரல் எழும்பவில்லை. ஒரு முயல் கொண்டு வந்த கார்டை எடுத்தார், பொட்டைத் துடைத்தார், ஏச வாயைத் திறந்தார், வெறும் காற்று வந்தது. சரி, இன்று நம்மால் ஆகாது என்று கார்டைச் செருகி வைத்தார். முயல் அவசரப்பட்டு ஸ்விட்சைத் தட்டிவிட்டது. படம் வந்தது.

முயல் கும்பிட்டுவிட்டுப் போன பிறகு செண்பகக்கனி பக்கத்தில் வந்தாள்.

"நீங்க ஒண்ணுமே ஏசலியே?"

இருவரும் துண்டைப் பார்த்தார்கள். துண்டு நெடுகச் சந்தனம். பிறகு கிண்ணத்தைப் பார்த்தார்கள். பூவலிங்கத்துக்கு வியர்த்துவிட்டது. பவர் சப்ளை, பயாஸ், பூசணிக்காய், முதுகில் வழுக்கை எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. இத்தனை பேரையும் ஏமாற்றி இருக்கிறோமே என்று மனசு குத்தியது. அவர் இன்னும் பழைய பூவலிங்கம்தான்.

தொண்டை சரியானதும் வாசலுக்குப் போய், வரிசையில் நின்றவர்களிடம் உண்மையைச் சொன்னார்: "ஏச்செல்லாம் ஒண்ணும் வேண்டாங்க. அடியில சந்தனம் பூசுதோம்லா, அதுதான் கோளாறு. வீட்டுலயே துடைச்சுட்டுப் போடுங்க, சரியாப் போகும்."

மறுபடி பொட்டு வைத்த கார்டோடு வரிசையில் நின்ற மாடக்கண்ணுவின் முகம் சிவந்தது.

"பொட்டக் குறை சொல்லுதேரா? எங்க அம்மா வச்ச பொட்டு வே அது! சந்தனம் வச்சாக் கெட்டுப் போகுமாம்ல! ஏச்சுல வித்தை தெரிஞ்சவருன்னு வந்தா, நாலு பேருகிட்டப் பேரு வாங்கினதும் சாமியையே பேச ஆரம்பிச்சுட்டேரே!"

"ஆமா, ஆமா," என்றது வரிசை. பின்னால் நின்ற பாதிப்பேர் கலைந்து தளவாய் கடைப் பக்கம் நடக்கத் தொடங்கினார்கள். பூவலிங்கம் தன் போர்டை அண்ணாந்து பார்த்தார். தோளில் விளக்கோடு நிற்கிற கீரியும் மரநாயும் கண்ணில் வந்து போனார்கள்.

"ஏ கரடி மூதி!" என்று அவர் வீறிட்டார். "உனக்குப் புத்தி இருக்கான்னு சோதிச்சுப் பாத்தேன்! இல்லன்னு தெரிஞ்சு போச்சு! கொண்டா கார்ட!"

வரிசைக்கு மூச்சு வந்தது. "அப்படிச் சொல்லுங்க அண்ணாச்சி," என்று மாடக்கண்ணு சந்தோஷமாகக் கார்டை நீட்டினார். போனவர்களும் திரும்பி வந்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு கடையில் ஒரு ஒழுங்கு ஏற்பட்டது. வாசலில் செண்பகக்கனி கிண்ணத்தோடு உட்கார்ந்து, வருகிற கார்டுகளுக்கெல்லாம் பக்தியோடு பொட்டு வைத்து உள்ளே அனுப்புவாள். உள்ளே பூவலிங்கம் துடைப்பார், ஏசுவார். சரியாகிவிட்ட கார்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்கள், ஏச்சு வாங்கின சாமானாச்சே, தோஷம் கழியட்டும் என்று திரும்ப ஒரு பொட்டு வைப்பார்கள். வைத்துவிட்டு மறுவாரம் வருவார்கள். இதில் யாருக்கும் ஒரு மனக்குறையும் இல்லை.

ஒருநாள் வரிசையில் தோகையைச் சுருட்டிக்கொண்டு மயில்வாகனம் நின்றார். ஸ்டூடியோப் பெட்டிக்குப் புதுக் கார்டு போட்டுப் பூஜையும் போட்டாராம். அன்று கறுத்த திரைதான், புலிவீட்டு வளைகாப்பு உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறதாம்.

"பெட்டியத் தூக்கி மேசையில வையும்," என்றார் பூவலிங்கம். திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார். நன்றாகத் தெரிந்தது. இருந்தாலும் நிமிர்ந்து சொன்னார்: "உள்ள ஒரே இருட்டா இருக்கு. அந்த லைட்ட எடுத்துக் கொஞ்சம் பிடியும். இன்னும் மேல பிடியும் வே, நிழல் விழுது."

மயில்வாகனம் பிடித்தார்.

நீதி: எதையும் ஏசுவதற்கு முன்னால் ஒருதடவை துடைத்துவிட வேண்டும், துடைத்ததை மட்டும் யாரிடமும் சொல்லக் கூடாது.